முள்முனையில் ஒரு காத்தாடி

சென்னையில் காத்தாடி என்றால் மொட்டை மாடியில் நூல் கட்டி விடுவது. திருநெல்வேலியில் அதைப் பட்டம் என்போம். இங்கே கூரையில் சுற்றும் மின்விசிறி காத்தாடி. கயத்தாறு போகிற வழியில் நிற்கும் காற்றாலையும் காத்தாடிதான். இவற்றுக்கெல்லாம் மூத்தது பனையோலைக் காத்தாடி.

விரல் அகலத்தில் இரண்டு ஓலைத் துண்டுகள். ஒன்றுக்குள் ஒன்றை மடித்துக் கோத்து இழுத்தால் நடுவே சின்னக் கட்டம், நாலு பக்கமும் இறக்கை. கட்டத்தில் உடைமுள்ளைக் குத்தி, நுனியைச் சோளத்தட்டையில் சொருகினால் முடிந்தது. சூட்சுமமெல்லாம் அந்த ஓட்டையில் இருக்கிறது. முள் இறுகினால் காத்தாடி நின்றுவிடும். தளர்ந்தால் உதறி உதறி ஓலை கிழியும். நான் கிழித்த ஓலைகளுக்குக் கணக்கில்லை. ஆச்சி வாங்கி முள்ளை ரெண்டு திருகு திருகிக் கொடுத்தால்தான் ஓடும்.

இந்த வித்தையைப் பெரிதாகச் செய்து பொதுவெளியில் நிறுத்தினால் அதற்குச் சிற்பம் என்று பெயர். அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரிக்கி (1907–2002) ஈட்டி போன்ற நீண்ட எஃகுத் தகடுகளைச் செய்து, தராசு முள்ளைப்போல் கத்திமுனையில் உட்கார வைத்தார். அடியில் ஈயம் வைத்துச் சமன் செய்ததால், லேசான காற்றுக்கே அவை ஆள் எழுந்து சோம்பல் முறிப்பதுபோல் மெல்லச் சாய்ந்து திரும்பும். அலெக்சாண்டர் கால்டரின் தொங்கும் சிற்பங்களுக்கு 1931-இல் ‘மொபைல்’ என்று பெயர் வைத்தவர் மார்செல் துஷாம்ப். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் செல்போன்தான் நினைவுக்கு வரும். கால்டர் 1955-இல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத் வந்து தங்கிச் சிற்பங்கள் செய்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தவர் நெதர்லாந்தின் தியோ யான்சன். இயற்பியல் படிப்பைப் பாதியில் விட்டவர். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் மஞ்சள் பிவிசி குழாயைக் கொண்டு 1990 முதல் ‘கடற்கரை விலங்குகள்’ செய்துவருகிறார். காற்றடித்தால் அவை கால்களை மாற்றி மாற்றி வைத்து மணலில் நடக்கும். சில விலங்குகள், இறக்கை அசையும்போது காற்றைப் பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்து வைத்துக்கொண்டு, காற்று ஓய்ந்த பிறகும் நாலடி நடக்கும்! அந்தக் காலுக்கான அளவுகளைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். மொத்தம் 11 எண்கள்.

நமக்குக் காற்றுக்கா பஞ்சம்? ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் திறந்துவிடுகிற காற்றுக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கடைப் பலகைகள் தடதடக்கும். 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை வேலை, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றை யூனிட்டில் எண்ணப் பழகிவிட்டோம். தப்பில்லை, கரண்டு வேண்டும். ஆனால் சும்மா நின்று பார்ப்பதற்கென்று ஒன்றை ஆற்றோரம் நட்டால் என்ன? கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டு விளையாடும் திறந்தவெளிப் பூங்காவும் இருக்கிறது. தச்சர், வெல்டிங் பட்டறைக்காரர், பனையேறி மூவரையும் அங்கே ஒரு வாரம் உட்கார வைக்கலாம்.

போன கோடையில் பைபாஸ் ஓரம் பதநீர் குடித்துவிட்டு ஓலைப் பட்டையைக் கீழே போடப்போனேன். பக்கத்தில் நின்ற சிறுமி, “அதத் தாங்க மாமா” என்று வாங்கி, பல்லால் கடித்துக் கிழித்து ஒரு காத்தாடி கோத்துவிட்டாள். காற்றே இல்லை. ரோட்டைப் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நாகர்கோவில் பஸ் ஒன்று உரசினாற்போல் போனது, காத்தாடி சுற்றியது. அடுத்த பஸ்ஸுக்காக நானும் நின்றேன், ஏறுவதற்கல்ல.