வங்கத்துத் தறிக்கு வாழ்வு தேடிய பீபி ரஸ்ஸல்

ஒருவர் உண்ணும் உணவில் மிகச் சிறந்தது, தம் கரங்களால் உழைத்து ஈட்டியதே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். அதற்கு எடுத்துக்காட்டாக நபி தாவூத் (அலை) அவர்களைக் குறிப்பிட்டார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகத்தில் சிறந்து விளங்கினார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டிய பொருளை ஏழைகளுக்கு வாரி வழங்கினார்கள். கைத்தொழிலும் வணிகமும் முஸ்லிம் பெண்ணுக்குப் புதியன அல்ல என்பதற்கு இவ்விரு அன்னையரின் வாழ்வே சான்று.

நம் காலத்தில், தம் நாட்டு நெசவாளரின் கைத்திறனை மூலதனமாகக் கொண்டு ஓர் ஆடை நிறுவனம் கண்டவர் வங்கதேசத்தின் பீபி ரஸ்ஸல்.

லண்டனில் பயின்றவர்

1950ஆம் ஆண்டு சிட்டகாங்கில் பிறந்த பீபி, டாக்காவில் வளர்ந்தார். சிறு வயதில் பெற்றோர் வாங்கித் தந்த தையல் இயந்திரமே அவருக்கு விளையாட்டுப் பொருளாயிற்று. ஆடை வடிவமைப்பை முறையாகக் கற்கும் ஆவல் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றது. அங்குள்ள ஃபேஷன் கல்லூரியில் பயின்று 1975இல் பட்டம் பெற்றார்.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஆடை அலங்கார மேடைகளிலும், வோக் போன்ற இதழ்களின் பக்கங்களிலும் மாடலாக விளங்கினார். அந்த வாழ்க்கையை நம் பெண்மக்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்தப் புகழும் பொருளும் கைக்குள் இருக்கையிலேயே அவர் மேற்கொண்ட முடிவுதான் நம் கவனத்திற்கு உரியது.

1994இல் பீபி தாயகம் திரும்பினார். மறு ஆண்டே 'பீபி புரொடக்ஷன்ஸ்' என்னும் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐரோப்பியத் துணியை இறக்குமதி செய்து தைத்து விற்றிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. சிற்றூர்களின் தறிகளை நாடிச் சென்றார். கதர், ஜம்தானி ஆகியவற்றோடு, உழவரும் ரிக்ஷா இழுப்போரும் தோளில் இட்டு வியர்வை துடைக்கும் 'காம்சா' என்னும் கட்டம் போட்ட துண்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. எளியோரின் அந்தத் துண்டு அவர் கைபட்டு நாகரிக ஆடையாயிற்று. குளங்களை அடைத்துக் கிடக்கும் வெங்காயத் தாமரையும் வளையல்களாக உருப்பெற்றது.

1996இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு பாரிஸ் மாநகரில் வங்க நெசவாளரின் துணிகளை அவர் காட்சிக்கு வைத்தார். யுனெஸ்கோ அவருக்கு 1999இல் வளர்ச்சிக்கான வடிவமைப்பாளர் என்றும், 2001இல் அமைதிக்கான கலைஞர் என்றும் சிறப்புச் செய்தது. முஸ்லிம் பெண்களின் கல்விக்காகப் பாடுபட்ட பேகம் ரொக்கையாவின் பெயரால் வங்கதேச அரசு வழங்கும் விருதும் 2015இல் அவரை அடைந்தது.

ஒரு புடவையின் பின்னே

பீபி கைக்கொண்ட துணிகளில் ஜம்தானி தனிச் சிறப்புடையது. முகலாய அரண்மனைகளை அலங்கரித்த டாக்கா மஸ்லினின் வழித்தோன்றல் அது. டாக்காவுக்கு அருகே ஷீதலக்ஷ்யா நதிக்கரை ஊர்களில் இன்றும் அது நெய்யப்படுகிறது.

குழித்தறியின் முன் இருவர் அருகருகே அமர்வர். ஒருவர் உஸ்தாத், மற்றவர் அவரிடம் தொழில் பயில்பவர். பாவு இழைகளின் இடையே தனி நூலைக் கையால் கோத்துக் கோத்துப் பூவும் கொடியும் உருவாக்குவர். துணியின்மீது மாதிரிப்படம் எதுவும் வரைவதில்லை. எந்த இழைக்குப்பின் எந்த இழை என்பது உஸ்தாதின் நினைவில் உள்ளது. நுண்ணிய வேலைப்பாடுள்ள ஒரு புடவை முடியச் சில மாதங்களும் ஆகும். இந்நெசவுக் கலையை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால், பாராட்டு அடுப்பை எரிய வைக்காது. நூல் விலை ஏறும். ஆலைத்துணி மலிவாக வந்து குவியும். இடைத்தரகர் பங்கு போக நெசவாளியின் கைக்கு வருவது சொற்பமாகும். தகப்பன் தறியில் அமர்ந்திருக்க, மகன் வேறு வேலை தேடிப் பட்டணம் செல்வான். உஸ்தாதுக்குப்பின் சீடன் இல்லையெனில், எந்த நூலிலும் எழுதப்படாத அக்கலை அவரோடு மண்ணில் மறையும். நெசவாளிக்குத் தேவை இரக்கமன்று, தொடர்ந்த வேலையும் நியாயமான கூலியுமே. அந்தச் சந்தையைத் தேடித் தருவதே பீபியின் முயற்சியின் உயிர்நாடி.

மலிவின் மறுபக்கம்

ஜம்தானி சிறப்புப் பெற்ற அதே 2013ஆம் ஆண்டு, ஏப்ரல் 24 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் 'ரானா பிளாஸா' என்னும் கட்டடம் இடிந்தது. அதனுள் இயங்கிய ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் பணிபுரிந்த 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். மேலைநாட்டுக் கடைகளுக்கு மலிவாக ஆடை அனுப்பும் அவசரத்திற்கு அவர்கள் உயிரை விலையாகத் தந்தனர்.

கைத்தறி ஒன்றே வங்கதேசத்தின் இலட்சக்கணக்கான பெண்களுக்கு வேலை தந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், ஆடையின் விலையைக் கேட்கும் நாம், அதைத் தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டாமா? கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த மார்க்கம் நம்முடையது.

நம் இல்லங்களுக்கு

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் கோரையை மெல்லிய இழையாக்கி, பட்டுப்போல் மடியும் பாய் நெய்கின்றனர். நம் ஊர்களில் பூத்தையல், தொப்பிப் பின்னல் அறிந்த சகோதரிகள் எத்தனையோ பேர். அவர்களின் கைவேலையை 'வீட்டில் சும்மா இருந்து செய்வதுதானே' என்று குறைத்து மதிப்பிட்டுப் பேரம் பேசுவது நீதியாகாது.

பெருநாளுக்கும் திருமணத்திற்கும் துணி எடுக்கையில், ஓர் ஆடையேனும் கைத்தறியாக இருக்கட்டும். தையலில் ஆர்வமுள்ள மகளுக்கு நகையோடு ஒரு தையல் இயந்திரமும் வாங்கித் தருவோம். கண்ணியமான உடையைக் கண்ணியமாகத் தைத்து, உழைத்தோருக்கு உரிய கூலியும் தந்து நடத்தும் தொழில் ஹலாலான தொழில். அத்தகைய தொழிலில் நம் பெண்மக்கள் சிறக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!