பழைய புல்லட் வாங்கப் போனோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டை ஓட்டி வருவதில்லை. பழைய இயந்திரம் வாங்கப் போகும் நம்மில் பலரோ, பளபளக்கும் பெயின்டைப் பார்த்தே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருக்கும். எப்படித் தப்பினோம் என்பதையும், அதனூடே நான் கற்ற இயற்பியலையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அண்ணன் எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளி. இராப் பணி முடிந்து இராயபுரம் திரும்ப, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் வர வேண்டும். அங்கே நடுவழியில் வண்டி நின்றால் உயிருக்கே ஆபத்து. அம்மா இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த அறுபதாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அண்ணனுக்குப் புல்லட் மேல் ஆசை.

அந்த ஆசைக்குக் காரணம் உண்டு. புல்லட் நம் மண்ணில் தயாரான வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்துடன் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் தயாரிக்கப்பட்டது. அந்த ரெட்டிச் நிறுவனம் மிதிவண்டி செய்த காலத்திலேயே, என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது. ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயரும், ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்ற விளம்பர வாசகமும் அவ்வாறு வந்தவையே.

துப்பாக்கியின் பெயரால் வந்த வண்டிக்குத் துப்பாக்கியின் சோதனையே பொருந்தும். பழைய கைத்துப்பாக்கி வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்? முதலில் உரிமம், அடுத்து எண். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். பிறகே குழலின் உட்புறத் தேய்வு, சுருள்வில்லின் வலிமை, தோட்டாக் கூட்டின் வாய் வளைந்துள்ளதா என்பன. சுருள்வில் தளர்ந்தாலோ கூட்டின் வாய் வளைந்தாலோ தோட்டா சிக்கிக்கொள்ளும். பார்வைக்குப் புதிதாக இருப்பது வேறு, வேண்டிய நொடியில் வேலை செய்வது வேறு.

இனி புல்லட்டுக்கு வருவோம். திருவொற்றியூரில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் மாமா எங்களுடன் வந்தார். புரோக்கர் ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். அண்ணன் முகம் மலர்ந்தது. மாமா மட்டும் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தார். “நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணிட்டாங்கடா தம்பி. வா, டீ குடிச்சிட்டு வரலாம்” என்றார். சூடான எஞ்சின் தன் நோயை மறைக்கும். ஆறிய எஞ்சினே உண்மை பேசும்.

ஆறிய பின் சாவியை அணைத்துவிட்டு, டீகம்ப்ரஷன் நெம்புகோலைத் தொடாமல், கிக்கர் மேல் ஏறி நிற்கச் சொன்னார். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் ஏறத்தாழ 346 கன சென்டிமீட்டர். அத்தனை காற்றும் அழுத்தப்படும்போது நம் எடையைச் சில நொடிகளாவது தாங்க வேண்டும். கால் உடனே இறங்கிவிட்டால் காற்று கசிகிறது. ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம் என்று பொருள். என் கால் உடனே இறங்கியது.

அடுத்தது மின்பொறி. பழைய புல்லட்டில் பிளாட்டினம் பாயிண்ட் உண்டு. அது திறக்கும் கணத்தில் முதன்மைச் சுருளின் மின்னோட்டம் திடீரென அறுபட, துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. நாம் ஆய்வகத்தில் படித்த ஃபாரடேயின் விதிதான். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். முனை கருகினாலோ கண்டென்சர் பழுதானாலோ பொறி நலியும். வண்டி நடுவழியில் நிற்கும். புகையையும் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி.

இவை எல்லாம் பணம் செலவழித்தால் சரியாகக் கூடியவை. சரியாகாதது ஒன்று இருந்தது. மாமா கிரீஸைத் துடைத்துவிட்டு எஞ்சின் எண்ணை என்னைப் படிக்கச் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணோடு கடைசி இரண்டு இலக்கங்கள் ஒத்துவரவில்லை. எழுத்துகளைச் சுற்றி உலோகம் புதிதாக அராவப்பட்டிருந்தது. மாமா எதுவும் பேசாமல் அம்மாவின் பணப்பையை என் கையில் கொடுத்து, “வீட்டுக்குப் போ” என்றார்.

அண்ணன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார்: “நாளைக்கு போலீஸ் வந்து நின்னா, என் வேலை என்னடா ஆகியிருக்கும்?” பிறகு, எண்கள் ஒத்துப்போன, ஆறிய நிலையில் கிளம்பிய, ஓசையில்லாத 100 சிசி வண்டி ஒன்றை வாங்கினோம். விற்றவரிடம் 29, 30ஆம் எண் படிவங்களில் கையொப்பம் பெற்றுப் பெயரையும் மாற்றினோம். எம்-பரிவாகன் செயலியில் பதிவு, காப்பீடு ஆகிய விவரங்களைப் பார்த்துக் கொடுத்தது என் பங்கு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆனால் அன்று விதியைச் சொன்னது நானாக இருந்தாலும், எட்டாம் வகுப்போடு நின்ற மாமாவின் விரல்தான் அதை முதலில் அறிந்தது. நண்பர்களே, நாம் கற்கும் அறிவியலும் பட்டறையின் அனுபவமும் கைகோத்தால், ஏழையின் சீட்டுப் பணம் ஏமாற்றுக்காரன் கைக்குப் போகாது. இப்போதெல்லாம் அண்ணனின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது விடியற்காலை மணி ஆறேகால். அம்மா அடுப்பைப் பற்ற வைக்கிறார்.