ஏஜென்சி கூப்பிடும்போது நீங்கள் கடலில் இருந்தால்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துவிட்டு, கார்டு வரும் என்று காத்திருந்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடங்களை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்கத்தான் சொன்னது. அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும் என்று சொல்லவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகலை. விண்ணப்பம் போட்டாச்சு, இனி அவங்க கூப்பிடட்டும்.

கப்பல் வேலைக்கு இது ஒத்துவராது. அதுவும் தருவைகுளத்தில் இருந்துகொண்டு தேடினால் சுத்தமாக ஒத்துவராது.

தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கிற இந்த ஊர்ப் படகுகள் பல நாள் கடலில் தங்கி வழிவலை போடுகிறவை. என் அக்கா மகன் ஜிபி ரேட்டிங் முடித்துவிட்டு, சரக்குக் கப்பலில் இடம் கிடைக்கும்வரை அப்படி ஒரு படகில் போகிறான். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் செல்போன் வெறும் டார்ச் லைட்தான். கப்பலிலோ ஒருவர் உடம்பு முடியாமல் இறங்கினால், அடுத்த துறைமுகத்துக்குள் மாற்று ஆள் வேணும். ஏஜென்சிக்காரர் இரண்டு தடவை அடித்துப் பார்ப்பார், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. (எங்கள் தொழிலில் பதில் சொல்லாத சர்வரை வரிசையிலிருந்து தூக்குவதும் இப்படித்தான்.)

அதனால் படகு ஏறுவதற்கு முந்தைய நாளே மெயில் போகணும். பெயர், பதவி, இண்டோஸ் எண் மூன்றும் தலைப்பு வரியிலேயே இருக்கட்டும். உள்ளே நாலே வரி: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை போன் கிடைக்காது, அதுவரை அம்மாவின் எண் இது, கரைக்கு வந்த எத்தனை நாளில் கிளம்ப முடியும், எந்தச் சான்றிதழ் எதுவரை செல்லும்.

"மாமா, சும்மா சும்மா மெயில் போட்டா எரிச்சல்பட மாட்டாங்களா?" என்று கேட்டான். "எனி நியூஸ் சார்?" என்று வாராவாரம் கேட்டால் கண்டிப்பாக எரிச்சல்தான், ஏன்னா அதில் அவருக்குப் பயன்படுகிற தகவல் எதுவும் இல்லை. ஏதாவது மாறினால் மட்டும் எழுது என்றேன். மாறுவதற்கு விஷயமா இல்லை? மருத்துவச் சான்று இரண்டு வருஷம்தான் செல்லும். அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். சிடிசி புத்தகம் பத்து வருஷம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். புதுப்பிக்க வேண்டியதை அப்போது புதுப்பித்து, புது நகலோடு ஒரு மெயில் போட்டால் யாரும் கோவிச்சுக்க மாட்டார்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒன்று பார்க்கணும். அந்த ஏஜென்சிக்கு ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்க 2016 விதிகளில் இடமில்லை. இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் அதையேதான் சொல்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி செலவு நம்முடையதாக இருக்கலாம். விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. "சீட் கன்ஃபார்ம், பணத்தை அனுப்பு" என்று பதில் வந்தால் அனுப்ப வேண்டாம். அந்த மெயிலையும் அழிக்க வேண்டாம், இயக்குநரகத்தில் புகார் கொடுக்கும்போது அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.