விளக்கை நாடி வரும் வண்டு

மாதாப்பூரில் துர்கம் செருவு ஏரியை அடுத்துக் குடியிருக்கும் நம்மவர் ஒருவர், மழைக்காலத்து விடியற்காலை ஒன்றில் தம் கழுத்திலே கோடு கிழித்தாற்போன்ற சிவந்த தடிப்பைக் கண்டார். மறுநாள் அது எரிச்சலுடன் கொப்புளித்தது. ஊரிலிருந்து வந்திருந்த அன்னையார் அதனை அக்கி என்று முடிவுகட்டி, காவியால் எழுதவேண்டும் என்றார். அக்கி எழுதும் குயவரை ஐதராபாத்தில் எங்கே தேடுவது? தோல் மருத்துவரிடம் சென்றார்கள். கழுத்தில் ஊர்ந்த பூச்சி எதையேனும் தேய்த்ததுண்டா என்பதே அவருடைய முதற்கேள்வி.

அப்பூச்சி பெடரஸ் என்னும் வண்டு. நீளம் ஏறத்தாழ 7 முதல் 10 மில்லிமீட்டர். தலையும் வால்நுனியும் கருமை. மார்பும் வயிறும் செம்மஞ்சள். இடையே நீலப்பச்சையாக மின்னும் குட்டைச் சிறகுறைகள். பறக்க வல்லதாயினும், எறும்பெனத் தரையில் விரைந்தோடுவதே அதன் வழக்கம்.

இவ்வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நசுக்கினால்தான் அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு நம் தோலில் படுகிறது. இத்தாலிய அறிஞர்களான பவான், போ இருவரும் 1953இல் அதனைப் பிரித்தெடுத்தனர். வியப்பு யாதெனில், அந்நஞ்சைச் சமைப்பது வண்டன்று. பெண் வண்டின் உடலில் குடியிருக்கும் பாக்டீரியா. தாய் அதனைத் தன் முட்டைகளுக்குச் சீதனமாக அளிக்கிறது. அச்சீதனம் பெற்ற புழுக்களை ஓநாய்ச் சிலந்திகள் தின்ன மறுக்கின்றன.

நஞ்சு உடனே சுடுவதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே தடிப்புத் தோன்றும். அதற்குள் குற்றவாளி மறைந்துவிடும். முழங்கை மடிப்பில் பட்டால் எதிர்ப்புறத் தோலிலும் அதே வடிவம் பதியும். அக்கியோ வைரஸால் வருவது. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் நரம்பின் வழியே படர்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேண்டாத மருந்தை உண்ண நேரும். மெய்யாகவே அக்கியாயின், உரிய மருந்து காலத்தே கிட்டாது போகும்.

வயல்வெளியில் இதே வண்டு உழவரின் தோழன். ஈரமண்ணில் முட்டையிட்டு வளர்ந்து, நெற்பயிரை வாட்டும் புகையானை வேட்டையாடி உண்கிறது. இரவில் விளக்கொளி அதனை ஈர்க்கும். 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் மாதாப்பூரில் இரவெல்லாம் ஒளிரும் மாடங்கள் பெருகின. ஒளியைத் தேடி வரும் வண்டு, அது நம் படுக்கையறை என்பதை அறியுமோ?

நம்மவரின் கொப்புளங்கள் பத்து நாளில் உலர்ந்தன. கறுத்த கோடு மட்டும் சில வாரங்கள் நின்றது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று.

வண்டு உடலில் ஊர்ந்தால் அடிக்கவேண்டா. ஊதித் தள்ளலாம், அல்லது தாளொன்றில் ஏறவிட்டு வெளியே விடலாம். நசுங்கிவிட்டால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. கழுவுமுன் கண்ணைத் தொடலாகாது. கண் வீங்கினால் மருத்துவரை நாடுக. மழைக்கால மாலைகளில் சன்னலுக்கு வலையிட்டு, படுக்கைக்கு நேர்மேலே எரியும் விளக்கை அணைத்துவிடுதல் நலம்.