குள்ள சிக்லிட் மீன்களின் இனப்பெருக்கக் காலச் சண்டை

குள்ள சிக்லிட்கள் என்பன சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த, பொதுவாக 10 செ.மீ.க்கு மேல் வளராத மீன்கள் ஆகும். இப்பெயர் உயிரியல் வகைப்பாட்டைச் சேர்ந்ததன்று. மீன் வளர்ப்போரிடையே வழங்குவது. நிறத்துக்காகவும், முட்டையையும் குஞ்சுகளையும் பேணும் இயல்புக்காகவும் இவை சிறிய மீன் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படுகின்றன. முட்டையிடும் காலத்தில் இவை அருகில் வரும் பிற மீன்களைத் தாக்குகின்றன. சில வேளைகளில் தம் இணையையே தாக்கிக் கொன்றுவிடுகின்றன. இச்சண்டை எதனால் எழுகிறது, சிறிய தொட்டியில் அது ஏன் உயிரிழப்பில் முடிகிறது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சண்டைக்கான காரணம்

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டபின் அவற்றைக் கவனிப்பதில்லை. சிக்லிட்கள் இதற்கு விலக்கானவை. இவை ஒரு கல், இலை அல்லது பொந்தைத் தெரிவு செய்து, துப்புரவாக்கி, முட்டையிட்டு, குஞ்சுகள் தாமாக நீந்தும் வரையிலும் அதன் பின்னர் சில வாரங்களும் காவல் காக்கின்றன. காவலுக்கு ஓர் எல்லை தேவை. அவ்வெல்லைக்குள் நுழையும் எந்த மீனும் முட்டையைத் தின்ன வந்த பகையாகவே கொள்ளப்படும். எனவே இம்மூர்க்கம் பெற்றோர்ப் பேணலின் ஒரு பகுதி ஆகும். குஞ்சு பொரிக்க வேண்டுமாயின் இதனை முற்றிலும் நீக்க இயலாது.

சிறிய தொட்டியின் சிக்கல்

இயற்கையில் இத்தகைய சண்டைகள் பெரும்பாலும் விரைவில் முடிகின்றன. மீன்கள் துடுப்புகளை விரித்துப் பக்கவாட்டில் நின்று அளவைக் காட்டும். செவுள் மூடிகளை உப்பும். வாலால் நீரை அடிக்கும். தோற்ற மீன் நிறம் மங்கி, துடுப்பை மடக்கி ஓடிவிடும். எல்லையைத் தாண்டியதும் துரத்தலும் நின்றுவிடும்.

தொட்டியில் ஓடுவதற்கு இடமில்லை. தோற்ற மீன் எங்கு சென்றாலும் வென்ற மீனின் பார்வையிலேயே இருப்பதால், மீண்டும் மீண்டும் நுழையும் பகையாகத் தோன்றுகிறது. சில நிமிடங்களில் முடிய வேண்டிய சண்டை நாள் முழுதும் தொடர்கிறது. காயத்தால் மட்டுமன்றி, உணவு உண்ணாமையாலும் ஓயாத அச்சத்தாலும் மீன் இறக்கிறது.

இங்கு நீரின் கொள்ளளவைவிடத் தரைப்பரப்பே முதன்மையானது. எடுத்துக்காட்டாக, 60 × 30 × 30 செ.மீ. தொட்டி 54 லிட்டர் கொள்ளும். 60 × 30 × 45 செ.மீ. தொட்டி 81 லிட்டர் கொள்ளும். ஆனால் இரண்டின் தரைப்பரப்பும் 1,800 ச.செ.மீ. மட்டுமே. குள்ள சிக்லிட்கள் தரையை ஒட்டியே எல்லை வகுப்பதால், உயரமான தொட்டி சண்டையைப் பெரிதும் குறைக்காது.

இனங்களிடையே வேறுபாடுகள்

ராம் சிக்லிட் (மைக்ரோஜியோபேகஸ் ராமிரெசி): வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஓரினோக்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. 1948 ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் இணைந்து, திறந்த கல்லின் மீது இட்ட முட்டைகளைக் காக்கின்றன. ஒப்பீட்டளவில் சாதுவானது. எனினும் ஒன்றையொன்று தெரிவு செய்யாத இரு மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டை கடுமையாகலாம்.

அப்பிஸ்டோகிராம்மா: தென்னமெரிக்காவைச் சேர்ந்த பேரினம். காக்கட்டூ சிக்லிட் (அப்பிஸ்டோகிராம்மா ககாட்டுவோயிடெஸ்) முதலிய பல இனங்களில் ஓர் ஆணின் பரந்த எல்லைக்குள் பல பெண்கள் தனித்தனிப் பொந்துகளைக் காக்கின்றன. முட்டையிட்ட பெண் பளிச்சிடும் மஞ்சள் நிறம் பெற்று, ஆணையும் விரட்டும். ஆண் காக்க வேண்டிய வெளி எல்லை சிறிய தொட்டியில் இல்லை. ஆகவே தன்னைவிட உருவில் சிறிய பெண்ணிடம் ஆண் சிக்கிக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. மாறாக, முட்டையிடும் பருவம் எய்தாத பெண்ணை ஆண் துரத்திக் கொல்வதும் உண்டு.

கிரிபென்சிசு (பெல்விகாக்ரோமிஸ் பல்ச்சர்): நைஜீரியா, கேமரூன் பகுதிகளைச் சேர்ந்தது. பொந்தில் முட்டையிடும். இணைக்குள் பிணைப்பு உறுதியானது. மூர்க்கம் பெரும்பாலும் பிற மீன்கள் மீதே பாயும். 60 செ.மீ. தொட்டியின் முழுத் தரையையும் ஓர் இணையே கைக்கொள்ளக்கூடும்.

சங்கு சிக்லிட் (நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிபேசியாட்டஸ்): தங்கனீக்கா ஏரியில் வெற்று நத்தை ஓடுகளில் கூட்டமாக வாழ்வது. ஒவ்வொரு மீனின் எல்லையும் ஓர் ஓட்டைச் சுற்றிய சிறு இடமே என்பதால், மீன்களின் எண்ணிக்கையைவிட அதிகமான ஓடுகளை இட்டால் சிறிய தொட்டியிலும் பல மீன்கள் வாழும்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய ஆரஞ்சு குரோமைடும் (சூடெட்ரோப்ளஸ் மேக்குலேட்டஸ்) 8 செ.மீ. வரை வளரும் சிக்லிட் ஆகும். இதிலும் பெற்றோர் இருவரும் காவல் காப்பதால் கீழ்க்காணும் முறைகள் இதற்கும் பொருந்தும்.

திசை திருப்பப்படும் மூர்க்கம்

1973 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ், 1963 இல் வெளியான தம் நூலில் சிக்லிட் இணைகளைப் பற்றி விரிவாக எழுதினார். தொட்டியில் தனித்து விடப்பட்ட இணையில், தாக்குவதற்கு வேறு மீன் இல்லாதபோது ஆண் தன் பெண்ணையே தாக்கத் தொடங்கும். கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் இரண்டு இணைகளை வைத்தால் சினம் அண்டை இணையின் மீது செல்லும். கண்ணாடியில் பாசி படர்ந்து அண்டை இணை மறையும்போது ஆண் மீண்டும் தன் பெண்ணிடம் முரட்டுத்தனம் காட்டுவதையும், பாசியைத் துடைத்தால் நிலைமை சீராவதையும் அவர் குறிப்பிட்டார்.

இதனால், அச்சுறுத்தலே இல்லாத தொட்டி இணைக்கு நன்மை தரும் என்பது எப்போதும் உண்மையாகாது எனலாம். எனினும் முட்டையைக் கைவிட்டுக் கண்ணாடி ஓரத்திலேயே மீன்கள் நின்றால், தடுப்பின் ஒரு பகுதியை மறைப்பது நல்லது.

சண்டையைக் குறைக்கும் முறைகள்

1. ஒரு தொட்டிக்கு ஓர் இணை: 60 செ.மீ. நீளத் தொட்டியில் முட்டையிடும் இணை ஒன்று மட்டுமே இருத்தல் வேண்டும். இரண்டு இணைகளுக்கு 100 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளமும், நடுவே பார்வையை மறைக்கும் அமைப்பும் தேவை.

2. இயல்பான இணை சேர்க்கை: ஆறு இளமீன்களை ஒன்றாக வளர்த்து, தாமாக இணை சேர்ந்தவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றலாம். கடையில் இணை எனத் தரப்படுபவை இரண்டும் ஆணாகவே இருக்கவும் கூடும்.

3. பார்வைத் தடை: கற்கள், மரவேர்கள், அடர்ந்த செடிகள் ஆகியவற்றைத் தொட்டியின் முன்புறத்திலிருந்து பின்புறம் வரை சுவர்போல் அமைக்க வேண்டும். பின்சுவர் ஓரமாக மட்டும் அடுக்கினால் பயனில்லை. ஒரு முனையிலுள்ள மீனுக்கு மறுமுனை தெரியாதிருத்தலே நோக்கம்.

4. பொந்துகள்: தேங்காய்ச் சிரட்டை, சிறிய மண் பூந்தொட்டி போன்றவை ஏற்றவை. மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வைத்து, வாயில்களை வெவ்வேறு திசைகளில் அமைக்க வேண்டும். அப்பிஸ்டோகிராம்மாவுக்குப் பெண் மட்டும் நுழையுமளவு சிறிய வாயில் பொருத்தமானது.

5. துணை மீன்கள்: மேல்மட்டத்தில் நீந்தும் பென்சில் மீன் போன்ற சிறு கூட்ட மீன்கள் இணையின் கவனத்தைத் தம்பால் ஈர்க்கும். தரையில் திரியும் கோரிடோராஸ் மீன்களைத் தவிர்த்தல் நலம். அவை முட்டைகளை உண்ணும், எல்லையை உணராது மீண்டும் மீண்டும் நுழைந்து கடிபடும்.

6. புதிய மீனைச் சேர்த்தல்: கற்களையும் பொந்துகளையும் இடம் மாற்றியபின் புதிய மீனை விட வேண்டும். பழைய மீனின் எல்லை அடையாளங்கள் கலைவதால் இரண்டும் ஏறத்தாழச் சம நிலையில் தொடங்குகின்றன.

பிரிக்க வேண்டிய நிலை

இணை சேரும்போது நிகழும் சிறு துரத்தல்கள் இயல்பானவை. ஆனால் ஒரு மீன் நீர்ப்பரப்பின் மூலையிலோ வடிகட்டியின் பின்னோ ஒதுங்கி நிற்றல், நிறம் மங்கியே இருத்தல், உணவுக்கு வராமை, துடுப்புகள் கிழிந்திருத்தல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று நீடித்தாலும் அம்மீனைத் துளையிட்ட நெகிழித் தகட்டுத் தடுப்புக்கு அப்பாலோ வேறு தொட்டிக்கோ உடனே மாற்ற வேண்டும். அப்பிஸ்டோகிராம்மாவில் பெண் முட்டையைத் தனியே காக்கவல்லது. ஆணை அகற்றுவதால் குஞ்சுகளுக்குக் கேடில்லை. முட்டைகள் அழிந்துபோன இணைகளிலும் சண்டை மூளக்கூடும் என்பதால் அந்நாட்களில் கூடுதல் கவனம் தேவை.

இளம் இணைகள் முதல் சில முறை முட்டைகளைத் தின்றுவிடுவதுண்டு. இதனைக் கொண்டு அவற்றைத் தகுதியற்ற பெற்றோர் எனக் கருத வேண்டியதில்லை. பல இணைகள் அடுத்தடுத்த முறைகளில் குஞ்சுகளை நன்கு வளர்க்கின்றன. இத்தகைய தொட்டியை அமைப்போர், அகற்றப்படும் மீனுக்கான இரண்டாவது தொட்டியை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருத்தல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

சிக்லிட்
மீன் வளர்ப்பு
விலங்கு நடத்தையியல்
கொன்ராட் லோரென்ஸ்