மலேசியப் பயணம்: புறப்படுமுன் பண்டிகைத் தேதி பாருங்கள்

விடுமுறைக்கு மலேசியா செல்லும் நம் வணிகர்கள் விமானக் கட்டணத்தை விசாரிக்கிறார்கள். அந்நாட்டுப் பண்டிகைத் தேதிகளை விசாரிப்பதில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனப் பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாடு அது.

சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அப்போது சீனர் கடைகள் பல சில நாட்கள் அடைத்திருக்கும். சரக்கு விசாரிக்கப் போனவர் பூட்டைப் பார்த்துத் திரும்ப நேரும். இஸ்லாமிய ஆண்டு சுமார் 11 நாள் குறைவானது. எனவே நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகரும். அச்சமயம் நகரத்தார் சொந்த ஊருக்குத் திரும்புவதால் பேருந்து, ரயிலில் இடம் கிடைப்பது அரிது.

ஆனால் பண்டிகையைக் காணவே செல்வோருக்கு இதுவே நல்ல காலம். ‘திறந்த இல்ல உபசரிப்பு’ என்று பிற இனத்தாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்தளிப்பார்கள். தீபாவளிக்கு முஸ்லிம் நண்பர்களை அழைக்கும் வீட்டில் ‘ஹலால்’ இறைச்சியே சமைப்பார்கள். விருந்தினர் வழக்கமறிந்து நடப்பதே அங்கு மரியாதை.

பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் காணத் தவறாதீர்கள். மாரியம்மன் கோயிலும் சீனர் கோயிலும் அருகிலேயே உள்ளன.

நமக்கும் இதில் பாடமுண்டு. சென்ற ஆண்டுத் தேதியை நம்பி ரம்ஜானுக்குப் பேரீச்சையும் சேமியாவும் தாமதமாக இறக்கினால் முதல் முடங்கும். வாடிக்கையாளரின் நாட்காட்டியும் கல்லாவருகே தொங்கட்டும் என வேண்டுகிறோம்.