சட்ட மாணாக்கரும் சர்வதேச சட்டமும்

சட்டக் கலாசாலையில் மூன்றாம் ஆண்டு பயிலும் வாலிபன் ஒருவன், தான் சர்வதேச சட்டத்தையே விசேஷமாகப் பயிலப் போவதாக வீட்டில் சொன்னால், தகப்பனார் கேட்கும் முதற் கேள்வி, "அதற்குக் கட்சிக்காரன் யாரப்பா?" என்பதே. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. உடன்படிக்கையைக் கையில் ஏந்தி ஜில்லாக் கோர்ட்டு வாசலில் வக்கீலைத் தேடி நிற்பவர் எவருமில்லை. ஹேக் நகரத்துச் சர்வதேச நியாயஸ்தலத்தில் வழக்காடும் உரிமை தேசங்களுக்கே உண்டு. தனி மனிதருக்கு இல்லை. ஆயினும், கட்சிக்காரன் யாரென்ற கேள்விக்கு இராமேசுவரத்துக் கடற்கரையில் விடை கிடைக்கும்.

1974ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை, பாக் ஜலசந்தியில் எல்லைக்கோடு வகுத்துக் கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. அதன் ஐந்தாவது ஷரத்து, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பிரயாணப் பத்திரமின்றித் தீவுக்குச் சென்று வரலாம் என்கிறது. ஆறாவது ஷரத்து, இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் நீர்ப்பரப்பில் பரம்பரையாக அநுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அநுபவிக்கும் என்கிறது. 1976ல் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, வெளிப்படையான அநுமதியின்றி ஒரு நாட்டார் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடித்தலாகாது என்கின்றன. 'சென்று வரலாம்' என்பதில் வலை உலர்த்துவது மட்டும் அடங்குமா, வலை வீசுவதும் அடங்குமா? பிந்திய கடிதம் முந்திய ஷரத்தை ஒழித்துவிட்டதா? மேடையில் இதைப்பற்றி முழங்குவோர் அநேகர். இவ்விரு பத்திரங்களையும் வரிக்கு வரி படித்தவர் எத்தனை பேர் என்று நேயர்களே யோசிக்கலாம்.

நுட்பமறிந்தவர் விழித்திருக்க வேண்டியதன் அவசியத்தைப் போர்த்துக்கல் நமக்கு ஒருமுறை நன்றாகவே கற்பித்தது. 1954ல் தாத்ராவும் நகர் ஹவேலியும் தொண்டர்களால் விடுவிக்கப்பட்டன. போர்த்துக்கல் அப்போது ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தில் அங்கத்தினர் அல்ல. 1955 டிசம்பர் 14ந் தேதி அது அங்கத்தினராயிற்று. 19ந் தேதி ஹேக் நியாயஸ்தலத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதாக அறிக்கை விடுத்தது. 22ந் தேதி இந்தியாவின் மீது வழக்குத் தொடர்ந்தது! அறிக்கையின் பிரதி மற்ற தேசங்களுக்குப் போய்ச் சேரும் அவகாசங்கூட இல்லையே என்று இந்தியா ஆட்சேபித்தது. 1957ல் அந்த ஆட்சேபம் தள்ளப்பட்டது. நியாயஸ்தலத்தின் அதிகாரத்தை ஏற்கும் தனது பழைய அறிக்கையை இந்தியா மாற்றி வெளியிட்டது 1956 ஜனவரி 7ந் தேதி. அதாவது, வழக்கு வந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு. வெள்ளம் போன பின் அணை என்பது இதுதான்.

அட்டர்னி ஜெனரல் எம்.சி. சீதல்வாட் வாதித்தார். இவ்வழக்குக்கென்றே இந்தியா நியமித்த நீதிபதியாக எம்.சி. சாக்ளா அமர்ந்தார். ஆயினும் அந்நிய நாட்டு நிபுணர்களின் துணையையும் நாட வேண்டியிருந்தது. 1960 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, தனி மனிதரும் சிவில் அதிகாரிகளும் சாதாரணச் சரக்குகளும் செல்லப் போர்த்துக்கலுக்கு வழியுரிமை இருந்தது என்றும், படைக்கும் ஆயுதங்களுக்கும் அவ்வுரிமை இல்லை என்றும், இந்தியா தன் கடமையை மீறவில்லை என்றும் சொல்லிற்று. நாம் தப்பினோம். சாமர்த்தியத்தால் எவ்வளவு, அதிர்ஷ்டத்தால் எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது.

ஆதலால் விசேஷப் பயிற்சி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எப்போது, எவ்விதம் என்பதே கேள்வி. நமது சட்டப் பட்டப் படிப்பில் இது கட்டாயப் பாடமாயினும், பெரும்பாலும் ஒரே பருவத்தில் கடந்துபோகிறது. ஆர்வமுள்ளவன் அதோடு திருப்தியடையலாகாது. ஆனால், ஒப்பந்தச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் அரைகுறையாக விட்டுவிட்டு ஐக்கிய நாடுகளின் சாஸனத்தை மனனம் செய்பவன் இரண்டுமற்றவனாவான். பாவனை வழக்குப் போட்டிகளில் வென்ற பதக்கங்கள் நல்லவையே. அவற்றையே கல்வியென்று மயங்குவோரையும் காண்கிறோம். டோக்கியோ நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளுள் ஒருவராயிருந்து, குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டுமென 1948ல் தனித்து எழுதிய ராதாபினோத் பால், கணித ஆசிரியராகத் தொடங்கி, வருமான வரிச் சட்டத்தில் தேர்ந்தவர். அவருடைய முடிவை ஒப்பாதவர்களும் அதன் தர்க்கத்தை எதிர்கொண்டே தீர வேண்டியிருக்கிறது. உள்நாட்டுச் சட்டத்தில் உரமேறிய புத்தி வெளிநாட்டு மேடையில் தளர்வதில்லை. இன்னொன்று, பிரெஞ்சு பாஷை. ஹேக் நியாயஸ்தலத்தின் இரு பாஷைகளுள் அது ஒன்று. பட்டம் பெற்ற பின் கற்கலாமென்று ஒத்திப்போடுவோர் கற்பதேயில்லை.

இக்கலை மேனாட்டாரின் சொத்து என்று ஒதுங்குவோரும் உளர். ஹேக் நியாயஸ்தலத்தின் விதிகளிலேயே 38வது ஷரத்து, 'நாகரிகமடைந்த தேசங்கள்' ஒப்புக்கொண்ட சட்டத் தத்துவங்கள் என்று இன்றும் பேசுகிறது. அச்சொற்கள் யாரை வெளியே நிறுத்த எழுந்தன என்பது நம்மவர்க்குச் சொல்லாமலே விளங்கும். ஆனால் கடல் யாவர்க்கும் பொது என்று 1609ல் குரோஷியஸ் நூலெழுதியது, கீழைக் கடல்களில் டச்சுக்காரர் வியாபாரம் செய்யும் உரிமையை நிலைநாட்டவே. அக்கடல்களில் அதற்கு முன்பே நிலவிய வழக்கங்களை ஆராய்ந்தவர் சார்லஸ் அலெக்ஸாண்ட்ரோவிச் என்ற போலந்து அறிஞர். 1951 முதல் சுமார் பத்தாண்டு அவர் போதித்தது நமது சென்னைச் சர்வகலாசாலையில்தான். கீழ்நாட்டு அரசர்களும் ஐரோப்பியக் கம்பெனிகளும் சமானஸ்தர்களாக நின்று செய்த ஒப்பந்தங்களை எடுத்துக்காட்டும் அவரது நூல் 1967ல் வெளிவந்தது. டச்சுக்காரர் கோட்டை கட்டிய பழவேற்காடு, சென்னைக்கு ஒரு நாட் காலைப் பிரயாணம். தமிழோடு டச்சும் கற்கத் துணியும் ஒரு சட்ட மாணாக்கனுக்கு அங்கே வேலை ஏராளம்.